பல்லக்கில் ஏறியவன் பாம்பாக விழுந்தான்!



மதுரைக்குப் போகாதவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. மீனாட்சியைக் கண்குளிரத் தரிசித்து, குங்குமப் பிரசாதத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு, பிறகு சுவாமி சந்நிதிக்கு வருவோம். சொக்கநாதரைக் கும்பிட்டுவிட்டுப் பிராகாரம் சுற்றும்போது, கருவறையின் வெளிப்புறத்தைக் கொஞ்சம் நின்று பார்த்திருக்கிறீர்களா?

8 யானைகள், 32 சிங்கங்கள், 64 பூத கணங்கள்... இத்தனையும் சேர்ந்து சுவாமியின் விமானத்தைத் தாங்கி நிற்கும். இதற்கு 'இந்திர விமானம்' என்று பெயர். தேவேந்திரன் கட்டியது என்பது ஐதிகம்.

சொர்க்கத்தில் இருப்பவன் எதற்காக மதுரையில் வந்து விமானம் கட்ட வேண்டும்? தன் பதவிப் பெருமையைக் காட்டவா? இல்லவே இல்லை! பதவியை இழந்து, வெளியில் தலைகாட்ட முடியாமல் தாமரைத் தண்டுக்குள் ஒளிந்து கிடந்து, பிறகு மீண்டு வந்தபோது நன்றியோடு கட்டியது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் வருகிற 64 திருவிளையாடல்களில் முதலாவதே இதுதான். 'இந்திரன் பழி தீர்த்த படலம்' என்று பெயர்.

இந்திரன் மீண்டு வந்தான். ஆனால், அவன் இல்லாத நேரத்தில் அவன் ஆசனத்தில் உட்கார்ந்த ஒருவன், மீளாமல் பல்லாயிரம் ஆண்டுகள் பாம்பாகக் கிடந்தான். அவன் பெயர் நகுஷன். அவன் கதையைத்தான் இந்த வாரம் நாம் சிந்திக்கப் போகிறோம்.

எழுந்திருக்காத ஒரு நிமிஷம்

முதலில் இந்திரன் ஏன் விழுந்தான் என்று பார்த்துவிடுவோம்.

தேவசபை. அப்சரஸ்களின் ஆட்டமும் பாட்டும் அமர்க்களமாக நடக்கிறது. அந்த நேரம் பார்த்து குருவான பிரகஸ்பதி உள்ளே வருகிறார். இந்திரன் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது! ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. 'மூன்று உலகுக்கும் ராஜா நான். உட்கார்ந்தபடியே இருந்தால் என்ன?' என்ற நினைப்பு மட்டும்தான்.

குரு சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டார். குரு இல்லாத இடத்தில் விஸ்வரூபன் என்ற மூன்று தலை கொண்டவனைக் குருவாக வைத்துக்கொண்டான் இந்திரன். அவன் ரகசியமாக அசுரர்களுக்கும் சேர்த்து யாகம் செய்கிறான் என்று தெரிந்ததும், அவனை வெட்டிக் கொன்றான். மகனை இழந்த தந்தை துவஷ்டா, யாகத் தீயிலிருந்து விருத்திராசுரனைத் தோற்றுவித்தார். ததீசி முனிவர் மனமுவந்து தந்த எலும்பால் செய்த வஜ்ராயுதத்தைக் கொண்டு அவனையும் கொன்றான் இந்திரன். பிரம்மஹத்தி தோஷம் துரத்த ஆரம்பித்தது. ஓடிப்போய் தாமரைத் தண்டுக்குள் ஒளிந்துகொண்டான்.

இத்தனை அனர்த்தத்துக்கும் ஆரம்பம் எது? எழுந்து நிற்காத அந்த ஒரு நிமிஷம்!

நல்லவனைத்தான் தேடினார்கள்

சொர்க்கத்தில் ராஜா இல்லை. மழை இல்லை, ஒழுங்கு இல்லை. தேவர்களும் ரிஷிகளும் கூடி யோசித்தார்கள். பூலோகத்தில் சந்திர வம்சத்தில் ஒரு ராஜா, புரூரவஸின் பேரன், ஆயுஸின் பிள்ளை நகுஷன். தர்மம் தவறாமல் ஆள்கிறான் என்று பெயர். நேரே அவனிடம் வந்து, 'நீ எங்களுக்கு ராஜாவாக வேண்டும்' என்றார்கள்.

நகுஷன் என்ன சொன்னான் தெரியுமா? 'நான் பலமில்லாதவன். உங்களை எல்லாம் காக்கிற சக்தி எனக்கு ஏது?' என்றான். எவ்வளவு அடக்கம் பாருங்கள்! பதவி வேண்டும் என்று அலைந்தவன் அல்ல அவன். கெட்டவன் பதவிக்கு வந்து கெட்டுப்போனான் என்றால், அதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது? நல்லவன் கெட்டுப்போனான். அதனால்தான் வியாசர் இந்தக் கதையைப் பாரதத்தில் ஒரு முறைக்கு இரண்டு மூன்று முறை சொல்கிறார்.

பயப்படுகிறானே என்று அவனுக்கு ஒரு வரம் கொடுத்தார்கள். 'யாரெல்லாம் உன் கண்ணில் படுகிறார்களோ, அவர்களுடைய தேஜஸ் உன்னிடம் வந்து சேரட்டும்!'

இந்த வரத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். அவன் எதிரில் வந்து நிற்பவர் எவரானாலும் பலம் இழந்துவிடுவார். அப்படியென்றால், 'நீங்கள் செய்வது தவறு' என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல யாரால் முடியும்? அது வரமா, சாபமா?

முதலில் நின்றது விளக்கு

ஆரம்பத்தில் நகுஷன் ஒழுங்காகத்தான் இருந்தான். இதை அனுசாசன பர்வத்தில் பீஷ்மர் தர்மபுத்திரருக்குச் சொல்கிறார். சொர்க்கத்துக்குப் போன பிறகும் அவன் பூலோகத்தில் செய்துவந்த நித்ய கர்மாக்களை விடவில்லை. அக்னி காரியம், புஷ்பம், தூபம், தீபம், பலி என்று எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்துவந்தான்.

பிறகு ஒரு நாள் ஒரு நினைப்பு வந்தது. 'நான்தான் இந்திரன். நான் யாருக்குத் தீபம் காட்ட வேண்டும்?'

அன்றோடு பூஜை நின்றது. விளக்கு நின்றது. ராட்சசத்தனம் ஒரே நாளில் வருவதில்லை, சகோதரிகளே! முதலில் கை கூப்புவது நிற்கும். அடுத்து, அடுத்தவர் சொல்வது காதில் விழுவது நிற்கும். அதற்கப்புறம் வருவதெல்லாம் தானாக வரும்.

வந்தது. நந்தவனங்களிலும் கேளிக்கைகளிலும் பொழுது போயிற்று. ஒரு நாள் இந்திராணியைப் பார்த்தான். 'இந்திரனுடையதெல்லாம் என்னுடையது என்றால், சசிதேவி மட்டும் ஏன் என்னிடம் வரவில்லை?' என்று கேட்டுவிட்டான்!

இந்திராணி நடுங்கிப்போய் பிரகஸ்பதியிடம் ஓடினாள். தேவர்கள் நகுஷனிடம், 'பிறர் மனைவியை நினைக்கலாமா?' என்று கெஞ்சினார்கள். அதற்கு அவன் சொன்ன பதில்தான் கவனிக்க வேண்டியது. 'கௌதமர் இருக்கும்போதே இந்திரன் அகலிகையைக் கெடுத்தானே... அன்றைக்கு நீங்கள் அவனைத் தடுத்தீர்களா?'

'எனக்கு முன்னால் இருந்தவன் செய்யவில்லையா?' அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு எந்தக் காலத்திலும் கைவசம் இருக்கிற நியாயம் இது!

அகஸ்தியர் தோளில் பல்லக்கு

சரணடைந்தவளைக் கைவிட மாட்டேன் என்று பிரகஸ்பதி உறுதியாக நின்றார். நகுஷனிடம் கொஞ்சம் அவகாசம் கேட்கச் சொன்னார். இந்திராணி அவகாசம் வாங்கிக்கொண்டு, இரவு தேவதையை வேண்டி வழிபட்டாள். உபச்ருதி என்ற தேவி தோன்றி, அவளைக் கூட்டிக்கொண்டு போய், தாமரைத் தண்டுக்குள் நுண்ணிய வடிவில் இருந்த கணவனைக் காட்டினாள். 'ரிஷிகள் சுமக்கும் வாகனத்தில் ஏறி வரச் சொல். மற்றதை அவனுடைய அகங்காரமே பார்த்துக்கொள்ளும்' என்று யோசனை சொல்லி அனுப்பினான் இந்திரன்.

இந்திராணி அப்படியே கேட்டாள். நகுஷனுக்கு ஒரே பூரிப்பு! 'இதுவரை யாருக்கும் கிடைக்காத வாகனம்' என்று நினைத்தானே தவிர, யாருடைய தோளில் ஏறுகிறோம் என்று நினைக்கவில்லை. மகரிஷிகள் பல்லக்கைத் தூக்கினார்கள். அவர்களில் அகஸ்தியரும் ஒருவர். குள்ளமான உருவம். மற்றவர்களோடு நடை ஒத்துப்போகவில்லை. பல்லக்கு ஆடி ஆடி மெதுவாகப் போயிற்று என்பார்கள்.

நகுஷனுக்கு அவசரம். 'ஸர்ப்ப! ஸர்ப்ப!' என்று அதட்டினான். வடமொழியில் அதற்கு 'நட, நட' என்று பொருள். பாம்புக்கும் அதே பெயர்தான். அதட்டியதோடு நிற்கவில்லை. இடது காலால் அகஸ்தியரின் தலையில் உதைத்தான்.

உதைபட்ட அகஸ்தியர் கோபப்படவில்லை என்கிறார் பீஷ்மர். அவருடைய ஜடாமுடிக்குள் பிருகு மகரிஷி மறைந்து உட்கார்ந்திருந்தார். நகுஷனின் கண்ணில் படாததால் அவருடைய தேஜஸ் மட்டும் குறையவே இல்லை. 'நீ பாம்பாகப் போ!' என்று சாபம் அங்கிருந்து வந்தது. உத்யோக பர்வத்தில் அகஸ்தியரே சபித்ததாக வரும். எப்படியானாலும், மூன்று உலகுக்கும் ராஜாவாக இருந்தவன் பல்லக்கிலிருந்து தலைகுப்புற விழுந்து, மலைப்பாம்பாகப் பூமிக்கு வந்து சேர்ந்தான்.

பல்லக்கில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம்தான் தெரிந்தது. தோள் வலி தெரியவில்லை. அதிகாரத்தின் வியாதியே இதுதான்!

பூட்டு இல்லாத ஃபிரிட்ஜ்

'இதெல்லாம் ராஜாக்கள் கதை. அடுப்படியில் நிற்கிற எங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, ஓர் அம்மாள் தீர்த்துவைக்கும் வரை.

ஒரு கோயிலில் இந்த நகுஷ சரித்திரத்தை உபந்யாசம் செய்தேன். முடிந்து எல்லோரும் பிரசாதம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். 60 வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் மட்டும் தூண் ஓரமாகவே நின்றார். கூட்டம் கலைந்ததும் வந்து சொன்னார்.

"சுவாமி, நான் கல்யாணமாகி வந்தப்ப என் மாமியார் ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பிலேயே செருகி வெச்சிருப்பாங்க. ஒரு கரண்டி சர்க்கரை வேணும்னாலும் கேட்கணும். என்னைப் பெத்த அம்மா ஊர்லேர்ந்து வந்தா, ஒரு வாய் காபி கொடுக்க நான் அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். 'தாயே, நான் மாமியாரானா இப்படி இருக்கவே மாட்டேன்'னு மீனாட்சி சந்நிதியில நின்னு வேண்டிக்கிட்டேன். அதேபோல இன்னிக்கு எங்க வீட்ல எந்த அலமாரிக்கும் பூட்டு கிடையாது."

"நல்லதுதானே அம்மா?" என்றேன்.

"கேளுங்க சுவாமி. போன மாசம் என் மருமகளோட அம்மா வந்திருந்தாங்க. மருமக என்கிட்ட வந்து, 'அத்தை, பாலை எடுத்து அம்மாவுக்குக் காபி போடட்டுமா?'ன்னு கேட்டா. பூட்டே இல்லாத ஃபிரிட்ஜைத் திறக்க எங்கிட்ட உத்தரவு கேட்டா! அப்ப எனக்கு ஒண்ணும் உறைக்கலை. 'ம்'னு தலையை ஆட்டிட்டு டி.வி. பார்த்துக்கிட்டிருந்தேன். இன்னிக்கு நீங்க நகுஷனோட கண்ணைப் பத்திச் சொன்னீங்களே... அப்பதான் புரிஞ்சுது. சாவி என் இடுப்புல இல்லை சுவாமி, என் முகத்துல இருக்கு."

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் என்ன பதில் சொல்வதென்று சட்டென்று தெரியவில்லை. எத்தனையோ பண்டிதர்களோடு இந்தக் கதையைப் பேசியிருக்கிறேன். அந்த வரத்துக்கு இப்படி ஓர் அர்த்தம் யாரும் சொன்னதில்லை!

சகோதரிகளே, வேலைக்கு வருகிற அம்மா நாம் சோபாவில் உட்கார்ந்திருந்தால் சுற்றிக்கொண்டு போகிறாளா? மார்க் குறைந்த பிள்ளை ரிப்போர்ட் கார்டை நம்மிடம் காட்டாமல் அப்பாவிடம் கொண்டுபோகிறதா? லலிதா சஹஸ்ரநாம கோஷ்டியில் நாம் பேச ஆரம்பித்ததும் மற்ற எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்களா? 'எனக்கு எவ்வளவு மரியாதை!' என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொள்கிறோம். அது மரியாதையாக இல்லாமலும் இருக்கலாம். நம் பார்வை பட்டு அவர்கள் பலம் இழப்பதாக இருக்கலாம்.

'என் மாமியார் என்னைப் படுத்தாத பாடா?' என்று நாம் சொன்னால், அது நகுஷன் தேவர்களிடம் கேட்ட அதே கேள்விதான்.

பாம்பை மீட்டவர் யார்?

நகுஷன் கதை அங்கே முடியவில்லை. விழும்போதே அவனுக்குப் புத்தி வந்துவிட்டது. கருணை காட்டும்படி வேண்டினான். 'உன் வம்சத்தில் யுதிஷ்டிரன் என்று ஒருவன் வருவான். உன் கேள்விக்கு அவன் பதில் சொல்லும்போது விமோசனம் கிடைக்கும்' என்று விமோசனமும் சொல்லப்பட்டது.

பாண்டவர்கள் வனவாசத்தில் இருந்தபோது, வேட்டைக்குப் போன பீமனை ஒரு மலைப்பாம்பு சுற்றிக்கொண்டது. பதினாயிரம் யானை பலம் கொண்ட பீமனால் அசையக்கூட முடியவில்லை. தேடிவந்த தர்மபுத்திரர் பாம்பிடம் ஆயுதம் எடுக்கவில்லை. 'நீ யார்?' என்று விசாரித்தார். பாம்பு தன் கதையைச் சொல்லி, கேள்வி கேட்டது. 'பிராமணன் என்பவன் யார்?'

'சத்தியம், தானம், பொறுமை, நல்லொழுக்கம், கொடுமை செய்யாமை, தவம், கருணை இவை எவரிடம் இருக்கின்றனவோ அவர்' என்றார் தர்மபுத்திரர். பிறப்பைச் சொல்லவில்லை, குணத்தைச் சொன்னார்.

பிறகு அவர் பாம்பைக் கேட்டார். 'இவ்வளவு ஞானம் உள்ள தங்களை மோகம் எப்படிப் பிடித்தது?' பாம்பு ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. ஐசுவரியம் வந்தால் அறிவாளியும் மயங்கிவிடுகிறான், தானும் அப்படித்தான் மயங்கினேன் என்று சொன்னது. பீமனை விட்டது. சாபம் நீங்கியது.

கவனியுங்கள். ராஜ்யத்தால் மயங்கியவனை மீட்டது ராஜ்யம் இல்லாதவர். முன்னோரை மீட்டது பின்னால் வந்த பிள்ளை. அதுவும் பீம பலத்தால் ஆகவில்லை. பொறுமையாக நின்று, உள்ளதை மரியாதையோடு சொன்னதால் ஆயிற்று. இன்று அதிகாரத்தின் பிடியில் மாட்டிக்கொண்டிருக்கிற மருமகள்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது.

சாயங்கால விளக்கு

அந்த அம்மாளுக்கு நான் என்ன சொன்னேன்? "சாவியைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல மாட்டேன், அம்மா. குடும்பம் என்றால் ஒருவர் பொறுப்பில் இருக்கத்தான் வேண்டும். பீஷ்மர் இந்தக் கதையைச் சொன்னதே தீபத்தின் மகிமையைச் சொல்லும் இடத்தில்தான். அதனால்தான் கிருஹஸ்தர்கள் சாயங்காலம் தவறாமல் விளக்கேற்ற வேண்டும் என்று முடிக்கிறார். இன்றிலிருந்து உங்கள் வீட்டு விளக்கை மருமகள் ஏற்றட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கும்பிடுங்கள்" என்றேன்.

அடுத்த வருஷம் அதே கோயிலில் அவரைப் பார்த்தேன். எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். சிரித்தார். "சட்டுன்னு போயிடுமா சுவாமி? திரியை இப்படிப் போடு, எண்ணெயை அப்படி ஊத்துன்னு முதல் ஒரு மாசம் வாய் சும்மா இருக்கலை. இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கு. போன வாரம் அவங்க அம்மா வந்தப்ப, மருமக என்னைக் கேட்காமலேயே காபி போட்டுட்டா. எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தா" என்றார். இதைவிட வேறென்ன விமோசனம் வேண்டும்?

இந்திரனுக்கும் அப்படித்தான் ஆயிற்று. உதாசீனம் செய்த அதே குருவின் பின்னால் நடந்து கடம்ப வனத்துக்கு வந்தான். பழி விலகியது. கடம்ப மரத்தடியில் சிவலிங்கத்தைக் கண்டான். குளத்தில் பூத்த பொற்றாமரைகளால் அர்ச்சித்தான். ஒளிந்து கிடக்கத் தாமரைத் தண்டு தேடியவனுக்கு, பூஜிக்கத் தாமரைப் பூ கிடைத்தது! ஆண்டுதோறும் சித்ரா பௌர்ணமியன்று வந்து பூஜித்தால் ஆண்டு முழுதும் பூஜித்த பலன் உண்டு என்று இறைவன் அருளினார். இன்றும் அந்த நாளில் இந்திரன் வந்து வழிபடுவதாக ஐதிகம்.

அடுத்த முறை மதுரைக்குப் போனால், இந்திர விமானத்தின் அடியில் நிற்கும் யானைகளை ஒரு நிமிஷம் பாருங்கள். நம் வீட்டில் நம்மைத் தாங்குபவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராக நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய தோள் வலி நமக்குத் தெரிய வேண்டும் என்று சொக்கநாதரிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.

அதுவரை, இன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது, வீட்டில் யாருக்கு இதுவரை அந்தத் தீப்பெட்டியைக் கொடுத்ததில்லையோ, அவர்கள் கையில் கொடுங்கள். அங்கயற்கண்ணி அந்தச் சுடரில் நின்று அருள் செய்வாள்!